லெஜியோனெல்லா கட்டுப்பாட்டுக்கு வரும் கான்ட்ராக்டரை எப்படி எடைபோடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான் என்று புரிந்துகொள்கிறேன். லண்டனுக்கு வெளியே 24 அறைகள் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு மாதம் முன்பு மேனேஜராகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளராமல் பார்த்துக்கொள்ள ஒரு கம்பெனியோடு பழைய ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய ஆள் மாதம் ஒருமுறை வந்து குழாய்களில் சூடு பார்த்து, லாக் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகிறார். இந்தத் தொழில் செய்யும் கம்பெனிகளைப் பதிவு செய்யும் அமைப்பான லெஜியோனெல்லா கண்ட்ரோல் அசோசியேஷனின் சான்றிதழ் ஒன்று ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. இது போதுமா, இவர்கள் சரியானவர்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: மூன்று மாதமாக ஷீட்டில் "ரிட்டர்ன் 46 டிகிரி, கவனிக்கவும்" என்று வருகிறதாம், அது பெரிய விஷயமா என்று. அந்த வரியைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் புரிந்தால்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

நான் இங்கிலாந்தில் இந்தத் தொழிலில் 17 வருடமாக இருக்கிறேன். முதலில் தொட்டி கழுவும் வேலை, அப்புறம் சாம்பிள் எடுப்பது, பிறகு ரிஸ்க் அசெஸ்மெண்ட், அதாவது கட்டடத்தின் தண்ணீரில் ஆபத்து எங்கே என்று மதிப்பிட்டு எழுதுவது. இப்போது பெரும்பாலும் மற்றவர்கள் செய்த வேலையைத் தணிக்கை செய்கிறேன். உங்கள் கட்டடத்தை நான் பார்த்ததில்லை, அதனால் அது பத்திரமாக இருக்கிறதா இல்லையா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. நான் வக்கீலும் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வது எல்லாம் தொழிலில் தினமும் கையாளும் அளவுக்குத்தான்.

கிருமியைப் பற்றிச் சுருக்கமாக. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே புது மாதிரி நிமோனியா பரவிப் பலர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு கிருமியைக் கண்டுபிடித்து, அந்தப் படைவீரர்களின் சங்கமான அமெரிக்கன் லீஜனின் பெயரையே வைத்தார்கள். ஆறு, குளம் எல்லாவற்றிலும் இது கொஞ்சம் இருக்கும். கட்டடக் குழாய்க்குள் வந்து, 20இலிருந்து 45 டிகிரிக்குள் இருக்கும் தண்ணீரில், துருவும் சுண்ணாம்பும் வழவழப்பான படலமும் இருக்கிற இடத்தில் தேங்கினால் பெருகும். ஷவரிலிருந்து தெறிக்கும் நுண்ணிய துளிகளை மூச்சோடு உள்ளே இழுத்தால் நுரையீரலைத் தாக்கும். வயதானவர்கள், புகைப்பவர்கள், ஏற்கெனவே நோயுள்ளவர்களைத்தான் மோசமாகத் தாக்கும். அதாவது உங்கள் இல்லத்தில் இருப்பவர்களை. அதனால்தான் சுடுதண்ணீரை 60 டிகிரியில் சேமித்து, குழாயைத் திறந்து ஒரு நிமிடத்துக்குள் 50 டிகிரியாவது வர வேண்டும் என்றும், பச்சைத்தண்ணீர் இரண்டு நிமிடத்துக்குள் 20க்குக் கீழே இறங்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். மருத்துவமனை மாதிரியான இடங்களில் அந்த 50 என்பது 55. உங்கள் ரிஸ்க் அசெஸ்மெண்ட் எந்த எண்ணை வைத்திருக்கிறது என்று பாருங்கள். நானாக இருந்தால் முதியோர் இல்லத்திலும் 55ஐயே குறிவைப்பேன்.

இனி கேள்விக்கு வருகிறேன். சான்றிதழ், கம்பெனி, தரம் என்றெல்லாம் கேட்டிருந்தாலும், அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. பணம் கொடுத்து ஆள் வைத்துவிட்டேனே, பொறுப்பு இனி அவர்களுடையதுதானே? இல்லை, இதில் மட்டும் சந்தேகமே கிடையாது. பிரிட்டனில் வேலையிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஹெல்த் அண்ட் சேஃப்டி எக்ஸிக்யூட்டிவ் வெளியிட்டிருக்கும் எல்8 என்ற நடைமுறை விதித்தொகுப்பு, 2013இல் வந்த நான்காம் பதிப்பு, இதை நேராகவே சொல்கிறது: கான்ட்ராக்டரை வைத்துக்கொண்டதால் கட்டடத்தை நடத்துபவரின் பொறுப்பு போய்விடாது. கான்ட்ராக்டருக்கும் சட்டப்படி பொறுப்பு உண்டு, ஆனால் அது உங்களுடையதோடு சேர்ந்து வருவது. எசெக்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் 2015இல் 86 வயதுப் பெரியவர் ஒருவர் இந்த நோயில் இறந்தார். 2018இல் அதை நடத்திய நிறுவனத்துக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 30 லட்சம் பவுண்டு. கட்டடத்தைப் பெரிய அளவில் புதுப்பித்த காலத்தில் தண்ணீரைக் கட்டுப்பாட்டில் வைக்கத் தவறினார்கள், அதைப் பார்க்க வேண்டியவர்களுக்குப் போதிய பயிற்சியும் இல்லை என்பது அங்கே குற்றச்சாட்டு.

சரி, சுவரில் தொங்கும் சான்றிதழ். அதை அலட்சியமாக நினைக்காதீர்கள், உண்மையான வேலை அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த அமைப்பில் பதிவு செய்த கம்பெனி ஒரு நடத்தை நெறியில் கையெழுத்திடுகிறது. யார் எதற்குப் பொறுப்பு என்று வாடிக்கையாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்கள் திறனைச் சோதிக்க வேண்டும். சரியில்லாததைக் கண்டால் உரியவரிடம் சொல்ல வேண்டும். பதிவேடு வைக்க வேண்டும், வேலையை அவ்வப்போது மறுபரிசீலனை செய்ய வேண்டும், தங்களைத் தாங்களே தணிக்கை செய்ய வேண்டும், துணைக் கான்ட்ராக்டருக்கு விட்டால் அவர்களுக்கும் பொறுப்பேற்க வேண்டும். இவையெல்லாம் நடக்கின்றனவா என்று அமைப்பின் தணிக்கையாளர் வந்து பார்ப்பார். எல்8இலும் இந்த நெறி பற்றிய குறிப்பு உண்டு. வாடிக்கையாளர் எதிர்பார்க்க வேண்டிய தரத்துக்கு வழிகாட்டியாக அதைச் சொல்லிவிட்டு, அதற்குச் சட்ட அந்தஸ்து இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். சேர்வது சட்டக் கட்டாயம் கிடையாது. சேராத நல்ல கம்பெனியும் இருக்கலாம். என் அனுபவத்தில் அப்படி ஒன்றை நம்புவதற்கு முன் நான் இன்னும் நிறையக் கேள்வி கேட்பேன்.

சான்றிதழைப் படிக்கும்போது இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று தேதி: அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது, அமைப்பின் இணையதளத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டால் இப்போதும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். இன்னொன்று, எந்தெந்தச் சேவைக்குப் பதிவு என்ற பட்டியல். ரிஸ்க் அசெஸ்மெண்ட், சுடுதண்ணீர் பச்சைத்தண்ணீர் கண்காணிப்பு, கழுவிக் கிருமிநீக்கம் செய்வது, ரசாயனச் சுத்திகரிப்பு, பயிற்சி, ஆய்வகப் பரிசோதனை என்று தனித்தனியாக இருக்கும். தொட்டி கழுவுவதற்கு மட்டும் பதிவு வைத்துக்கொண்டு ரிஸ்க் அசெஸ்மெண்டும் எழுதிக் கொடுத்த கம்பெனியைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் நான்கு வருடமாக அந்தப் பட்டியலைப் படிக்கவே இல்லை. இன்னொன்றையும் மனதில் வையுங்கள், பதிவு கம்பெனிக்கு. உங்கள் வாசலில் வந்து நிற்கும் பையனுக்கு இல்லை. அவருடைய பயிற்சிப் பதிவைத் தனியாகக் கேட்க வேண்டும். ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்ததற்கான தாள் மட்டும் போதாது. யாரோ மூத்தவர் அவர் வேலையை நேரில் பார்த்து, இவருக்கு இது வரும் என்று கையெழுத்திட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். நல்ல கம்பெனி அதே நாளில் அனுப்பிவிடும்.

ஆனால் நான் தணிக்கைக்குப் போனால் சான்றிதழைவிட முதலில் கேட்பது ஒப்பந்தத்தோடு சேர்ந்த பொறுப்புப் பட்டியலைத்தான். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே யார் என்று எழுதியிருக்க வேண்டும். 2002 ஆகஸ்டில் பாரோ-இன்-ஃபர்னஸ் ஊரில் நடந்ததை இந்தத் தொழிலில் யாரும் மறக்க மாட்டார்கள். ஊர் நடுவே நகராட்சியின் கலை அரங்கம். அதன் ஏர்கண்டிஷன் கருவியிலிருந்து வந்த நீராவி, பக்கத்துச் சந்து வழியாக நடந்துபோனவர்கள் மேல் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள், சுமார் 180 பேர் நோய்ப்பட்டார்கள். அந்தக் கருவிக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்று இருக்கவே செய்தது. தண்ணீரைச் சுத்திகரிக்கும் வேலைதான் அதற்குள் இல்லாமல் போயிருந்தது. பின்னால் வந்த அறிக்கை காரணங்களை அடுக்கியபோது, பொறுப்பு யாருடையது என்ற தெளிவின்மை, சொன்ன எச்சரிக்கையின் மேல் நடவடிக்கை எடுக்காதது, ரிஸ்க் அசெஸ்மெண்ட் இல்லாதது, கான்ட்ராக்டர்களையும் ஒப்பந்த ஆவணங்களையும் சரியாகக் கையாளாதது என்று எழுதியது. பிரிட்டனில் ஒரு நகராட்சியின் மேலேயே மரணம் விளைவித்த குற்றம் சாட்டப்பட்டது அதுதான் முதல்முறை. அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை, ஆனால் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1,25,000 பவுண்டு அபராதம் விழுந்தது.

உங்கள் இல்லத்தில் அதே மாதிரி இடைவெளி எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நான் பந்தயம் கட்டுவது காலி அறையில். ஒருவர் இறந்துபோகிறார், அறை மூன்று வாரம் பூட்டிக் கிடக்கிறது. அந்த அறையின் ஷவரை வாரம் ஒருமுறையாவது திறந்து ஓடவிட வேண்டும் என்பது விதி. மாதம் ஒருமுறை வருபவர் வாராவாரம் செய்ய முடியாது, அறை காலி என்பதே அவருக்குத் தெரியாது. ஆக அது உங்கள் ஆட்கள் செய்ய வேண்டிய வேலை. ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கும் அம்மாவிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா? கம்பெனி, இல்லத்துக்காரர்கள் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும். நீங்கள், அதற்குத்தானே பணம் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். காகிதத்தில் அந்த வரிக்கு எதிரே ஒரு பெயர் இல்லையென்றால் இன்றைக்கே எழுதுங்கள்.

ஆள் உண்மையாக வேலை செய்கிறாரா என்று பார்க்க நீங்கள் பிளம்பராக இருக்கத் தேவையில்லை. ஒருமுறை ஓர் இல்லத்தில் லாக் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழாய் குழாயாக நடந்தேன். முதல் மாடியில் வடக்குப் பக்கக் குளியலறை, வாஷ்பேசின், சுடுதண்ணீர்: ஜனவரியில் 52.3, பிப்ரவரியில் 52.1, மார்ச்சில் 52.4. அந்த இடத்துக்குப் போய் நின்றால் குளியலறையே இல்லை. பலகை அடித்துப் பெயிண்ட் பூசி, துணிமணி வைக்கும் அலமாரி ஆக்கியிருந்தார்கள். மாற்றியது முந்தைய அக்டோபரில் என்றார் அங்கிருந்த சமையல்காரர். பலகையைத் தட்டினால் உள்ளே வெற்று ஓசை. அதற்குப் பின்னால் பழைய குழாய், முனையில் மூடி போட்டு, உள்ளே தண்ணீரோடு அப்படியே இருந்தது. ஓட்டமில்லாத அந்தத் துண்டுதான் கிருமிக்குப் பிடித்த இடம். பொய் எழுதியதோடு, உண்மையாகப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டிய ஆபத்தையும் அந்த எண்கள் மூடி மறைத்துவிட்டன. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

அதனால் இதைச் செய்யுங்கள். வாசலில் பார்வையாளர் கையெழுத்துப் புத்தகம் இருக்குமே, அதையும் லாக் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு இடத்தில் சுடுதண்ணீருக்கு ஒரு நிமிடம், பச்சைத்தண்ணீருக்கு இரண்டு நிமிடம் ஓடவிட்டே பார்க்க வேண்டும். பத்து இடம் என்றால் தண்ணீர் ஓடுவதற்கே அரை மணி நேரம், நடப்பதும் எழுதுவதும் தனி. 10.05க்கு வந்து 10.25க்குப் போனவர் பத்து இடத்திலும் பார்த்தேன் என்று எழுதியிருந்தால் அது நடக்காத காரியம். அடுத்த மாதம் அவர் வரும்போது கூடவே நடந்துபாருங்கள். தெர்மாமீட்டரின் அளவுச் சோதனைச் சான்று எங்கே என்று கேளுங்கள். குளியலறைகளில் சுட்டுவிடாமல் இருக்கக் கலப்பு வால்வு இருக்கும், அதிலிருந்து வரும் தண்ணீர் 41, 43 என்றுதான் இருக்கும். அந்த வால்வுக்கு முன்னால் உள்ள குழாயின் மேல் ஒட்டிப் பார்க்கும் சென்சாரை வைத்து அவர் சூடு பார்க்கிறாரா? கலந்து வந்த தண்ணீரை அளந்து சரி என்று டிக் போடுவதற்குப் பொருளே இல்லை. ஷவர் தலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுண்ணாம்பு நீக்கிக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். ஒன்றைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே வெள்ளைப் பொருக்கு இருந்தால் உங்கள் விரலுக்கே தெரியும்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. அடுத்தது நல்லவர்களே கருத்து மாறுபடும் இடம்: தண்ணீர் சாம்பிள். வெறும் சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் அமைப்பில், சூடு ஒழுங்காக நிற்கிறது என்றால் அரசின் வழிகாட்டி எச்.எஸ்.ஜி. 274 வழக்கமான லெஜியோனெல்லா சாம்பிளைக் கட்டாயமாக்கவில்லை. சூடு நிற்காதபோது, ரசாயனத்தை நம்பியிருக்கும்போது, பலவீனமானவர்கள் இருக்கும் இடத்தில் எடுக்கச் சொல்கிறது. சிலர் முதியோர் இல்லம் என்றாலே மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்பார்கள், சிலர் அது ஆய்வகத்துக்குத்தான் லாபம் என்பார்கள். என் கருத்து, எடுப்பது நல்லது. ஆனால் "கண்டறியப்படவில்லை" என்று வந்த தாளைப் பாதுகாப்புப் பத்திரமாக நினைக்காதீர்கள். கிருமி படலத்தில் ஒட்டியிருக்கும், அன்றைக்கு அந்தக் குழாயில் வந்த ஒரு லிட்டரில் இல்லாமல் போகலாம். வளர்த்துப் பார்த்து முடிவு சொல்லவே பத்து நாள் ஆகும். எத்தனை கிருமி உள்ளே போனால் நோய் வரும் என்பதற்கும் அறிவியலில் உறுதியான எண் கிடையாது. லிட்டருக்கு 100, 1000 என்றிருக்கும் எல்லைகள் என்ன நடவடிக்கை எடுப்பது என்று முடிவுசெய்ய வைத்தவை. எடுத்தால், ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரத்துக்கு, பிரிட்டனின் அங்கீகார அமைப்பான யூ.கே.ஏ.எஸ். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில்தான் கொடுக்க வேண்டும்.

ரிஸ்க் அசெஸ்மெண்ட் பற்றி ஒன்று. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக எழுத வேண்டும் என்று இன்னும் பலர் விற்கிறார்கள். எல்8இன் 2013 பதிப்பில் அந்தக் கால அளவை எடுத்துவிட்டார்கள். கட்டடமோ, ஆட்களோ, தண்ணீர்ப் பயன்பாடோ மாறினால், கட்டுப்பாடு வேலை செய்யவில்லை என்று தெரிந்தால், மறுபடி பார்க்க வேண்டும். மேனேஜர் மாறியதும் ஒரு மாற்றம்தான், ஆகவே உங்களுடையதை இப்போது எடுத்துப் படிக்கலாம். அது பி.எஸ். 8580-1 என்ற பிரிட்டிஷ் தரப்படி எழுதப்பட்டதா, குழாய் வரைபடம் இருக்கிறதா, அந்த வரைபடம் நீங்கள் கண்ணால் பார்க்கும் கட்டடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். குறை கண்டுபிடிப்பவரே அதைச் சரிசெய்யும் வேலையையும் விற்பவராக இருந்தால் அது குற்றமில்லை. ஆனாலும் பெரிய தொகைக்கு எஸ்டிமேட் வந்தால் அந்தக் கம்பெனியோடு சம்பந்தமில்லாத இன்னொருவரிடம் ஒரு கருத்துக் கேளுங்கள்.

இப்போது அந்த 46. உங்கள் சுடுதண்ணீர் சிலிண்டரிலிருந்து கிளம்பிக் கட்டடம் முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பும் குழாயின் சூடு அது. குறைந்தது 50 இருக்க வேண்டும். 46 என்றால் சுற்றின் ஏதோ ஒரு கிளையில், அநேகமாகக் கடைக்கோடி அறைகளில், அதைவிடக் குறைவாக, கிருமி பெருகும் சூட்டுக்குள் தண்ணீர் நிற்க வாய்ப்பு உண்டு. ஆம், பெரிய விஷயம். மூன்று மாதம் தொடர்ந்து வந்தது அதைவிடப் பெரிய விஷயம். உங்கள் ஆள் அளந்திருக்கிறார், நேர்மையாக எழுதியும் இருக்கிறார், அந்த வகையில் அவரை நான் மதிக்கிறேன். ஆனால் கவனிக்கவும் என்று ஷீட்டில் எழுதி லாக் புத்தகத்தில் செருகிவிட்டுப் போனது போதாது. முதல் மாதமே உங்கள் பெயருக்கு மெயில் வந்திருக்க வேண்டும், இரண்டாம் மாதம் அவருடைய மேலாளர் போன் செய்திருக்க வேண்டும். சரியில்லாததை உரியவரிடம் சொல்வது அவர்கள் கையெழுத்திட்ட நெறியிலேயே இருக்கிறது. உங்கள் பக்கத்திலும் அந்த ஷீட்டைப் படித்துக் கையெழுத்திட ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

கம்பெனியை உடனே மாற்றிவிடாதீர்கள். திங்கட்கிழமை போன் செய்து, சிலிண்டரின் தெர்மோஸ்டாட், வெளியே போகும் குழாயின் சூடு, சுற்றோட்ட பம்ப், கிளைகளைச் சமன்செய்யும் வால்வுகள் என்ற வரிசையில் இந்த வாரத்துக்குள் பார்த்து எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள். சிலிண்டரின் சூட்டை ஏற்றுவதாக இருந்தால் முதலில் ஒவ்வொரு கலப்பு வால்வும் வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது சுட்டுக்கொள்வார்கள். இந்த நிலையில் சாம்பிள் எடுப்பது நியாயம்தான், சிலிண்டரிலிருந்து தூரத்தில் உள்ள அறைகளிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை அந்த அறைகளில் ஷவருக்குப் பதில் வேறு ஏற்பாடு வேண்டுமா என்பதை அவர்களோடு பேசி முடிவெடுத்து, எடுத்த முடிவைத் தேதியோடு எழுதி வையுங்கள். இருமலும் காய்ச்சலும் உள்ள பெரியவர் யாராவது இருந்தால் டாக்டரிடம் இந்த 46ஐப் பற்றியும் சொல்லுங்கள். சாதாரண நிமோனியா என்று நினைத்து விட்டுவிடாமல் அவர் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்ப அது உதவும். நீங்கள் போன் செய்தபின் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.